அந்த ஒன்பது வீதம்

வெடிப்பு ஒரு நகத்தின் நீளம்தான் இருக்கும். ஏரியில் குளித்துவிட்டு வருபவர்கள் காலில் ஒட்டிய மணலைக் கழுவுவதற்கென்று ட்ரெயிலரின் பக்கச் சுவரில் ஒரு வெளி ஷவர் இருக்கிறது. அந்த ஷவரைத் திறந்து பூட்டும் பைப்பின் பின்பக்கத்தில், வெள்ளைப் பிளாஸ்ரிக்கில், கத்தியால் கோடு போட்டதுபோல நேராக ஓடியிருந்தது அந்த வெடிப்பு. விரலால் தடவினால் தெரியும், கண்ணால் பார்த்தால் தெரியாது.

அது மே மாதம், விக்டோரியா தினத்து நீண்ட வாரஇறுதி. ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த ட்ரெயிலரைத் திறந்து, தாங்கியில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டேன். எல்லாப் பைப்பும் பூட்டியிருந்தால் பம்ப் கொஞ்ச நேரம் உறுமும். உள்ளே அமுக்கம் ஏறியதும் தானாக நிற்கும். அன்று அது நிற்கவேயில்லை. சுவருக்குள்ளே மழை பெய்வதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப்போய் பம்பை நிறுத்துவதற்குள் கட்டிலின் கீழிருந்த பலகை ஊறிவிட்டது.

"வெளிப் பைப்பைத் திறந்து விட்டனீரோ?" என்று கேட்டார் பக்கத்து இடத்து அண்ணை. அந்த ஏரிக்கரையில் பல வருடமாக ட்ரெயிலர் வைத்திருப்பவர்.

"தண்ணியெல்லாம் இறக்கினனான் அண்ணை. பிறகு எல்லாப் பைப்பையும் வடிவாப் பூட்டிப்போட்டுத்தான் போனனான்."

"பூட்டினதுதான் பிழை."

ஏன் பிழை என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது பழக்கம். எனக்கோ அது ஒரு கேள்வியாகவே நின்றுவிட்டது. பைப்பைப் பூட்டுவதா திறப்பதா என்ற இந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் முந்நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பௌதிகம் இருக்கிறது என்பதை அந்தக் கோடைகாலம் முழுக்கப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் வடகிழக்கே ஓடினால் கவார்த்தா ஏரிகள் வரும். அங்கே கோடையில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து, பிக்கப் வண்டியில் இழுத்துவந்த ட்ரெயிலரை நிறுத்திவைப்பது ஒன்ராறியோவில் பலரின் வழக்கம். அடுப்பு, கட்டில், கழிப்பறை, வெந்நீர்க் கொதிகலன் எல்லாம் கொண்ட சக்கர வீடு அது. ஒக்டோபர் இரண்டாவது திங்கள் நன்றி நவிலல் நாள். அதோடு பெரும்பாலான முகாம்கள் தண்ணீரை வெட்டிவிடும். ஆட்கள் நகரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ட்ரெயிலர் அங்கேயே நிற்கும். ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 பாகை செல்சியஸ் அங்கே சாதாரணம். மைனஸ் 30கூட வந்துபோகும். சூடேற்ற ஆளில்லாத, விரற்கடைத் தடிப்பே உள்ள சுவர் கொண்ட ஒரு பெட்டிக்குள் ஆயிரம் மூலை முடுக்குகளில் ஓடுகின்றன தண்ணீர்க் குழாய்கள்.

மற்றப் பொருட்கள் பெரும்பாலும் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் 4 பாகைவரை அப்படித்தான் சுருங்கும். அதற்குக் கீழே அது திரும்பி விரியத் தொடங்கும். உறையும் கணத்தில் அதன் கனவளவு கிட்டத்தட்ட 9 வீதம் கூடிவிடும். காரணம் மூலக்கூறுகள் நிற்கும் விதம். திரவமாக இருக்கும்போது அவை நல்லூர்த் தேரன்று வீதியில் நெருங்கியடித்து நிற்கும் சனம்போல. யாரும் யாரோடும் நிலையாகக் கைகோப்பதில்லை. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அயலவரை, ஐதரசன் பிணைப்பால், குறித்த கோணத்தில் கைநீட்டிப் பிடித்துக்கொள்ளும். அதே சனம் எல்லாரும் கையை நீட்டிக் கோத்து அறுகோண வட்டங்களாக நின்றால் அதே வீதி போதுமா? நடுவே வெற்றிடம் விழும். அந்த வெற்றிடம்தான் 9 வீதம். பனிக்கட்டி மிதப்பதும் அதனால்தான். ஏரி மேலிருந்து கீழாக உறைந்து, அடியில் மீன்கள் பிழைத்துக் கிடப்பதும் அதனால்தான். ட்ரெயிலரை உடைக்கிற அதே குணம்தான் பக்கத்து ஏரியைக் காப்பாற்றுகிறது.

இந்த விரிவின் பலத்தை அளக்க மனிதர் ஆசைப்பட்டது இன்று நேற்றல்ல. 1667இல் ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஒரு துப்பாக்கிக் குழலில் தண்ணீரை அடைத்துக் குளிரில் வைத்து அதை வெடிக்கவைத்தார். எனக்குப் பிடித்தது கனடாவிலேயே நடந்த பரிசோதனை. 1784–85 குளிர்காலத்தில் கியூபெக் நகரில் இருந்த பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ், உள்ளே பொள்ளலான இரும்புக் குண்டுகளில் தண்ணீரை நிரப்பி, வாயை இறுக்கி அடைத்து, வெளியே பனியில் வைத்தார். சில குண்டுகள் பிளந்தன. சிலவற்றில் அடைப்பான் பிய்த்துக்கொண்டு நூறு மீற்றருக்கும் அப்பால் பறந்தது. துளையிலிருந்து பனிக்கட்டி ஒரு தண்டாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெடிமருந்து ஒரு துளி இல்லை. உள்ளே இருந்தது வெறும் தண்ணீர்.

1912இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பேர்சி பிரிட்ஜ்மன் இதற்கு எண் கொடுத்தார். மைனஸ் 22 பாகையில் தண்ணீரை உறையவிடாமல் வைத்திருக்க வேண்டுமென்றால், அதை ஏறத்தாழ 2,000 வளிமண்டல அமுக்கத்தால் நெரிக்க வேண்டும். ட்ரெயிலர்க் குழாயில் வழக்கமாக இருப்பது மூன்று நான்கு வளிமண்டலம். ஆகவே பலமான குழாயைப் போட்டு இதைத் தடுக்கலாம் என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் பைப் ஏன் வெடித்தது என்பதற்கு இது முழு விடையல்ல. பனி விரிகிறது, சுவரை நெருக்குகிறது, குழாய் வெடிக்கிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். 1990களில் இலினோய்ஸ் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுப் பிரிவினர் குழாய்களை உறையவைத்துக் கவனித்தபோது கதை வேறாக இருந்தது. அசையாமல் நிற்கும் தண்ணீர் 0 பாகையில் உடனே உறைவதில்லை. சில பாகைகள் கீழே இறங்கியும் திரவமாகவே இருக்கும். பிறகு ஒரு கணத்தில் பனி இறகுபோலக் கிளைவிட்டு ஓடும். அதன்பின் குழாயின் உட்சுவரிலிருந்து வளையமாகத் தடித்து, நடுவில் முட்டி, ஓரிடத்தை அடைத்துவிடும். அந்த அடைப்பு மேலும் வளரும்போது எஞ்சிய தண்ணீரை முன்னே தள்ளும். முன்னால் பைப் பூட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பனிக்கும் பூட்டிய பைப்புக்கும் நடுவே சிக்கிய, இன்னும் உறையாத தண்ணீரில் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். உடைவது அங்கேதான். பனி இருக்கும் இடம் ஒன்று, வெடிக்கும் இடம் இன்னொன்று.

என் வெளி ஷவரில் நடந்ததும் இதுவே என்று நினைக்கிறேன். குழாய் தாழ்ந்து வளையும் இடத்தில் நாலைந்து கரண்டித் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஒரு முனையில் பனி அடைத்திருக்கிறது. மறுமுனையை நான், ஒழுங்கான பிள்ளையாக, இறுக்கிப் பூட்டியிருந்தேன். கைப்பிடியை அரைச் சுற்றுத் திருப்பி விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் வெளியே கசிந்து, ஒரு பனிச் சொட்டாகத் தொங்கியிருக்கும். அவ்வளவுதான்.

அதே ஆய்வு இன்னொரு எண்ணையும் தந்தது. காப்பிடாத குழாய்களுக்கு ஆபத்து தொடங்குவது வெளியே மைனஸ் 7 பாகை வாக்கில். அது வீட்டுக் கூரைப் பரணில் ஓடும் குழாய்க்கான கணக்கு. நான்கு பக்கமும் காற்று நுழையும் ட்ரெயிலரின் அடிவயிற்றுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது. வானொலியில் சொல்லும் காற்றுக்குளிர் எண்ணைக் கேட்டு மட்டும் பயப்பட வேண்டாம்: அது மனிதத் தோலுக்கான கணக்கு. காற்று குழாயை வேகமாகக் குளிரவைக்கும்; ஆனால் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது.

அந்த ஒக்டோபரில் அண்ணையோடு சேர்ந்து முறையாகச் செய்தேன். முதலில் வெந்நீர்க் கொதிகலன். சூடு முழுக்க ஆறிய பிறகு, அமுக்கத்தை விடுவிக்கும் வால்வைத் திறந்து, அதற்கப்புறம்தான் அடிமூடியைக் கழற்ற வேண்டும்; வரிசை மாறினால் கை வெந்துபோகும். எங்கள் கொதிகலனில் மூடியோடு சேர்ந்து ஒரு நீளக் கம்பி வந்தது. மக்னீசியக் கம்பி. தாங்கியின் இரும்பு அரிபடாமல் இருக்கத் தன்னை அரிக்கக் கொடுக்கிற கம்பி அது. கறையான் தின்ற வேலிக் கதியால்போல இருந்தது. புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன்.

பிறகு ட்ரெயிலரின் அடியில் இருக்கும் இரண்டு வடிகால்கள், வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. திறந்தால் பீய்ச்சிக்கொண்டு வரும், மெலியும், சொட்டும், நிற்கும். முதல் வருடம் நான் அதோடு கையைத் தட்டிவிட்டுக் காரில் ஏறியிருந்தேன். நின்றது வடிந்து முடிந்ததால் அல்ல. ஒவ்வொரு வளைவிலும், பம்பின் வயிற்றிலும், கழிப்பறை வால்விலும் தண்ணீர் கிண்ணத்தில் நிற்பதுபோல நிற்கிறது. புவியீர்ப்பு அதை எடுக்காது. காற்றால்தான் தள்ள வேண்டும். தண்ணீர் இணைக்கும் வாயில் ஒரு சின்னப் பித்தளை அடைப்பானைத் திருகி, கொம்பிரஸரைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்கு மேற்படாமல் காற்றை விட்டோம். ரயருக்கு அடிப்பதுபோல அடித்தால் இணைப்புகள் கழன்றுவிடும். ஒவ்வொரு பைப்பாகத் திறக்க வேண்டும்: சமையல் தொட்டி, கைகழுவும் தொட்டி, ஷவர், கழிப்பறை மிதி. சளி பிடித்தவர் மூக்குச் சிந்துவதுபோலத் துப்பித் துப்பி, கடைசியில் வெறும் காற்று சீறும். வெளி ஷவரை அண்ணை என்னையே திறக்கச் சொன்னார். அதற்குள்ளிருந்து ஒரு தேநீர்க் கோப்பையளவு தண்ணீர் வந்தது.

இப்போது போடும் குழாய்கள் பெக்ஸ் என்ற வளைந்துகொடுக்கும் பிளாஸ்ரிக். உறைந்தால் கொஞ்சம் உப்பி, உருகியதும் பழைய நிலைக்கு வரும். உடைவது அநேகமாக விறைப்பான பாகங்கள்தான்: மூட்டுகள், பைப்புகள், பம்பின் தலை, கழிப்பறை வால்வு. அவை எல்லாம் கண்ணுக்கு மறைவான இடங்களில் இருப்பதால்தான் சேதம் வசந்தத்தில் தெரியவருகிறது.

காற்றும் எடுக்காத மிச்சத்துக்குத்தான் கடைகளில் குவித்துவைத்து விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம். முதலில் கொதிகலனின் சுற்றுவழி வால்வைத் திருப்பி அதை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த 23 லீற்றர் தாங்கியை நிரப்புவதற்கே பணம் போய்விடும். பம்பின் உறிஞ்சுகுழாயைக் கலனுக்குள் விட்டு, ஒவ்வொரு பைப்பிலும் இளஞ்சிவப்பு வரும்வரை ஓடவிட்டோம். எட்டுப் பத்து லீற்றர் போதும். தொட்டிகளின் அடியில் நாற்றத்தைத் தடுக்க வளைத்துவைத்த குழாய்களுக்குள் ஒவ்வொரு கோப்பை ஊற்ற வேண்டும். அந்த வளைவு எப்போதும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

கலனின் மேல் மைனஸ் 50 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டு விஷயம். ஒன்று, அது பரனைற் பாகை. செல்சியஸில் மைனஸ் 46 வரும். மற்றது, அது உறையும் வெப்பநிலை அல்ல, குழாய் உடையும் வெப்பநிலை. அந்தத் திரவம் மைனஸ் 12, 13 வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடும். அதில் இருப்பது தண்ணீரும் புரோப்பிலீன் கிளைக்கோலும். கிளைக்கோல் மூலக்கூறுகள் கைகோக்க வரும் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து வரிசையைக் குலைக்கும். குளிர் கூடும்போது தண்ணீரில் ஒரு பகுதி மட்டும் தூய பனித்துகளாகப் பிரியும். மீதித் திரவத்தில் கிளைக்கோலின் செறிவு ஏறும். ஏறினால் அதன் உறைநிலை இன்னும் இறங்கும். இப்படி ஒரு படி உறைந்து, ஒரு படி தப்பி, அது கட்டியாகாமல் கூழாகவே இருக்கும். கூழுக்கு அசைய வழி உண்டு. அந்த ஒன்பது வீதம் எங்கோ நகர்ந்துவிடும். குழாயில் தண்ணீர் மிச்சமிருந்து இதில் கலந்தால் மட்டும் இந்தக் கணக்குக் கெட்டுவிடும். காற்றை முதலில் அடிப்பது அதற்காகத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. கார் இயந்திரத்துக்கு ஊற்றும் உறைதடுப்பானில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் கிளைக்கோல். பெயரில் நெருங்கிய உறவு. உடலுக்குள் போனால் அது நஞ்சு. இனிக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கிச் சாகும். ஈரல் அதை உடைக்கும்போது உண்டாகும் ஒட்சாலேற் சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்து அதை அழிக்கும். குடிதண்ணீர்க் குழாய்க்குள் அதை ஒருநாளும் விடக் கூடாது. நிறத்தை நம்பாமல் கலனில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் மூன்றாவது ஒருவர் டைஎதிலீன் கிளைக்கோல். 1937இல் அமெரிக்காவில் ஒரு மருந்தை இதில் கரைத்து விற்று நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருடம் அங்கே வந்த மருந்துச் சட்டம் அந்தச் சாவுகளின் விளைவு. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரித்த இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, ஆய்வில் அதிலும் இதுவே இருந்தது. குழந்தை மருந்தில் கரைப்பானாகச் சேர்ப்பதற்கு உரியது தூய புரோப்பிலீன் கிளைக்கோல். ஒரு ட்ரெயிலர்க் குழாய்க்கு நாம் பார்க்கும் கவனத்தை ஒரு குழந்தையின் மருந்துக்குப் பார்க்க ஆளில்லாமல் போனதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

நாங்கள் இதையெல்லாம் செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், மேப்பிள் இலைச் சருகுக்கு அடியில், இதே வேலையைப் பார்க்க இன்னொரு உயிர் ஆயத்தமாகிக்கொண்டிருந்திருக்கும். வூட் ஃப்ரொக் என்று இங்கே சொல்லும் காட்டுத்தவளை. கண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் தவளை. அது ஆழத் தோண்டிப் போவதில்லை. சருகுக்குள்ளேயே இருந்து உறைந்துவிடும். உடலிலுள்ள தண்ணீரில் 65 வீதம்வரை பனியாகும். இதயம் நிற்கும், மூச்சு நிற்கும். ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென் ஸ்டோரியும் ஜேனட் ஸ்டோரியும் இந்தத் தவளையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். தோலில் முதல் பனி படிந்த சில நிமிடங்களுக்குள் தவளையின் ஈரல், சேர்த்துவைத்த கிளைக்கோசனை உடைத்து இரத்தத்தில் குளுக்கோசைக் கொட்டத் தொடங்குகிறது. மனிதருக்கு அந்த அளவு சர்க்கரை ஏறினால் உயிர் தங்காது. தவளையில் அது கலங்களுக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் நீரை உறையவிடாமல் பிடிக்கிறது. பனி கலத்துக்கு வெளியே, உடலின் இடைவெளிகளில் மட்டும் உருவாகிறது. விரிவதற்கு அங்கே இடம் உண்டு. வசந்தத்தில் உருகி, இதயம் திரும்பத் துடித்து, ஏப்ரலில் குட்டைகளில் வாத்துக் கத்துவதுபோலக் கத்தும். ஈரம் கொஞ்சம் வெளியேற்றி, மிச்சத்தை இனிப்பாக்கிப் பிழைக்கிறது அது. நாங்கள் கொம்பிரஸரும் இளஞ்சிவப்புக் கலனுமாகச் செய்ததும் வேறொன்றுமல்ல.

பற்றரிக்கும் இதே விதிதான். ஈயப் பற்றரியில் சார்ஜ் முழுக்க இருந்தால் உள்ளே அமிலம் செறிவாக இருக்கும். மைனஸ் 50இலும் உறையாது. சார்ஜ் இறங்கினால் அமிலம் நீர்த்துப்போகும், மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டி பிளந்துவிடும். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. சமையல் வாயுவுக்கு இந்தக் கவலை குறைவு: ஊரில் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும், அது 0 பாகையிலேயே ஆவியாக மறுக்கும், இங்கே புரோப்பேன், மைனஸ் 42வரை ஆவியாகும்.

குளிர்காலத்திலும் ட்ரெயிலருக்குள்ளேயே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வேலைத்தளங்களில் தங்குபவர்கள், வாடகை கட்ட முடியாதவர்கள். அவர்களுக்கு எதிரி வேறு. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் நீராவியாக வெளிவரும். புகைபோக்கி இல்லாத அடுப்பையோ சூடேற்றியையோ எரித்தால் அவ்வளவும் சுவரிலும் யன்னலிலும் வழிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து காபனோரொட்சைட்டு. மணமே இல்லாமல் கொல்லும். சூடு போகக்கூடாதென்று எல்லாத் துவாரத்தையும் அடைத்துவிட்டு அடுப்பை எரித்துக்கொண்டு தூங்கக் கூடாது. எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த மாலையில் பைப்புகள் அத்தனையும் பாதி திறந்தபடி இருந்தன. பம்ப் சுவிட்ச்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன், வசந்தத்தில் மறந்துபோய்ப் போடாமலிருக்க. பிறகு சமையல் தொட்டியின் அருகே இரண்டு பிளாஸ்ரிக் கோப்பைகளை வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் இளஞ்சிவப்பு. இரண்டும் ஒரே அளவு, பேனாவால் கோடு போட்டது.

ஜனவரி கடைசியில் கூரைப் பனியைத் தள்ளுவதற்காகப் போனோம். ட்ரெயிலருக்குள்ளே வெப்பமானி மைனஸ் 24 காட்டியது. தண்ணீர்க் கோப்பை அடியிலிருந்து விளிம்புவரை வெடித்திருந்தது. பனி கோட்டைத் தாண்டி ஏறி, நடுவில் சிறு மேடாகக் கூம்பியிருந்தது. வெளிப்பக்கம் முதலில் இறுகி, கடைசியாக உறைந்த தண்ணீர் மேலே தப்ப முயன்ற அடையாளம் அது. பக்கத்துக் கோப்பையில் இளஞ்சிவப்பு, ஐஸ்பழத்தை மசித்ததுபோல மங்கலாகக் கிடந்தது. கையுறையைக் கழற்றாமலே ஒரு கரண்டியை எடுத்து அதற்குள் விட்டேன். அடிவரை இறங்கியது.